பிளிமத் வண்டியும் நான்கு எலுமிச்சம்பழமும்

உங்கள் வீட்டில் கடைசியாகக் கார் வாங்கியபோது, பூசை முடிந்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகு, அதை முதலில் ஓட்டியது யார்? கணவனை இழந்த உங்கள் அக்காவா? அத்தையா? அம்மாவா? இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் எங்கே நின்றார் என்றாவது நினைவிருக்கிறதா? சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருப்பார். "கொஞ்சம் உள்ள இரு" என்று யாரும் சொல்லக்கூடத் தேவைப்பட்டிருக்காது. சொல்லாமலேயே உள்ளே போகப் பழக்கிவிட்டோம்.

கோபம் வந்தால் வரட்டும். படிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். ஜோதிலட்சுமி உள்ளே போகாதவர்.

அவர் பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் கரையோரம். கரையை அழகுபடுத்தப் போவதாகச் சொல்லி அங்கிருந்த குடிசைகளை இடித்தபோது, அவர் குடும்பம் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டது. இந்த நகரத்தில் பழைய கட்டடத்துக்குப் பாரம்பரியம் என்று பெயர். அதே வயதுள்ள குடிசைக்கு ஆக்கிரமிப்பு என்று பெயர்.

ஜோதிலட்சுமியின் கணவர் தணிகாசலம் ஓட்டுநர். ஒருநாள் புதுப்பேட்டையில் ஏதோ உதிரிபாகம் தேடப் போனவர், இரும்புக்காக வெட்டப்படவிருந்த ஒரு பிளிமத்தைப் பார்த்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த கார். கறுப்பு உடம்பு, உப்பிய முதுகு, சிரிக்கத் தயங்கும் பெரிய மனிதரின் வாய்போலப் பளபளக்கும் முன்பக்கக் கம்பி. அன்று கையில் இருந்ததையும் மனைவியின் காதிலும் கழுத்திலும் இருந்ததையும் கொடுத்து அதை இழுத்து வந்தார்.

"கம்மலு இருந்த காதுல இப்போ இன்னா மாட்டிக்கிறது? ஸ்பார்க் பிளக்கா?" என்று ஜோதிலட்சுமி கேட்டாராம். ஆனால் வண்டி முதல்முறை உயிர்பெற்று உறுமிய அன்று, அதன் கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைத்ததும் அவர்தான்.

படப்பிடிப்புக்கும் திருமண ஊர்வலத்துக்கும் வண்டியை வாடகைக்கு விட்டார்கள். பெரும்பாக்கத்தில் அதை நிறுத்த இடமில்லை. சாந்தோமில் ஈவ்லின் டீச்சர் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அவர். தலைமுறை தலைமுறையாக சாந்தோம் தேவாலயத்தின் மணிச்சத்தத்தில் வளர்ந்த குடும்பம். ஜோதிலட்சுமி இளவயதிலிருந்தே அந்த வீட்டில் சமைத்து வந்தார். கொட்டகைக்கு டீச்சர் வாடகை கேட்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் பிளிமத்தில் போய் இறங்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கோயில் நடந்தே போகும் தூரம். அதனால் டீச்சர் கடற்கரைச் சாலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்.

பிளிமத்தின் மூக்கில் ஒரு சின்னப் பாய்மரக் கப்பல் உண்டு. வண்டி சேகரிப்பவர்கள் அந்தக் கப்பலைப் பார்த்துத்தான் மயங்குவார்கள், திருடர்களும். அதனால் வேலை இல்லாத நாட்களில் ஜோதிலட்சுமி அதைக் கழற்றிப் பழைய சேலைத் துணியில் சுற்றி, பெரும்பாக்கத்து வீட்டின் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பார்.

அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் தணிகாசலம்தான். பெண் விடுதலை என்று பெரிய எண்ணமெல்லாம் அதில் கிடையாது. விடியும் முன்பே படப்பிடிப்புக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். மனிதருக்குப் பின்சீட்டில் தூங்க வேண்டும். ஆனால் நன்றாகக் கற்றுக்கொடுத்தார். அந்த வண்டியில் கியர் தரையில் இருக்காது. ஸ்டீயரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிதான் கியர். அதைத் தன் பக்கம் இழுத்துக் கீழே அழுத்தினால் முதல் கியர், மேலே தள்ளினால் ரிவர்ஸ். இப்போதைய வண்டி ஓட்டுகிறவர்களின் கை, பழக்கத்தில் மேலேதான் தள்ளும்.

அந்த நாட்களில் படப்பூசை என்றால் தயாரிப்பு நிர்வாகி கணேசமூர்த்தி தேடி வந்து கூப்பிடுவார். "ஜோதிக்கா, நீ ஓட்டுக்கா. வீட்டு லட்சுமி கையால வண்டி கிளம்பட்டும்." ஜோதிலட்சுமி உட்கார்ந்து எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டியை முன்னால் நகர்த்துவார். எல்லோரும் கைதட்டுவார்கள்.

பிறகு தணிகாசலம் இறந்தார். லிஃப்ட் ஓடாத ஒருநாள், தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அந்தப் படிக்கட்டை யாரும் ராசியில்லாதது என்று சொல்லவில்லை. ஓடாத லிஃப்டைப் பீடை பிடித்தது என்று சொல்லவில்லை. பட்டம் அவர் மனைவிக்கு வந்து சேர்ந்தது.

துக்கம் முடிந்து அவருக்கு வந்த முதல் வேலை, கோடம்பாக்கத்தில் ஒரு படத்தின் தொடக்க பூசை. ஜோதிலட்சுமி தானே ஓட்டிக்கொண்டு போனார். மேசையில் சாமி படம், குத்துவிளக்கு, தேங்காய், பழத்தட்டு எல்லாம் தயார். மேசைக்கு முன்னால் பிளிமத்தை நிறுத்தி, சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்தார்கள். கணேசமூர்த்தி ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஜோதிக்கா, இப்டி வா. மொத ஷாட்ட நம்ம வேன் டிரைவரு ஓட்டட்டும். நாலு அடி முன்ன வந்து நிறுத்துனா போதும். அப்பால ஃபுல்லா நீயே ஓட்டு."

"போன படத்துல நீதான இஸ்து ஒக்கார வெச்ச?"

"அப்போ அண்ணன் இருந்தாரு."

"இருந்தாரு. பின்சீட்டுல தூங்கிகினு இருந்தாரு. வண்டி ஓட்டுனது நானு."

"என் வாயால சொல்ல வெக்காதக்கா. எனுக்கு ஒண்ணியும் இல்ல. புரொடியூசர் வூட்ல இதெல்லாம் பாக்குறாங்க."

ஜோதிலட்சுமி சாவியைக் கொடுத்தார். அன்று கொடுத்ததற்காக இன்றுவரை தன்மேலேயே கோபமாக இருக்கிறார். வேன் ஓட்டுநர் செந்தில்குமார் நல்ல பையன், மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டான். "தம்பி, இதுல கியரு வேற மாரி..." என்று அவர் ஆரம்பித்ததும், பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மாள் திரும்பினாள். "நல்ல நேரத்துல பேசாதம்மா. கொஞ்சம் பின்னால போய் நில்லு."

பின்னால் போய் நின்றார்.

கற்பூரம் காட்டினார்கள். செந்தில்குமாரின் கை பழக்கப்படி கம்பியை மேலே தள்ளியது. பிளிமத் ஒரு குலுங்கு குலுங்கி, கம்பீரமாகப் பின்னால் போயிற்று. குத்துவிளக்கு சாய்ந்தது, மேசை உடைந்தது, தேங்காய் உருண்டது. விளக்கில் இருந்த எண்ணெய் படத் தயாரிப்பாளரின் பட்டு வேட்டியில் வரைபடம் போட்டது. வண்டியின் பின் விளக்கு நொறுங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"என் தப்பு சார், கியர மாத்திப் போட்டுட்டேன்," என்று செந்தில்குமார் எல்லோரிடமும் போய்ச் சொன்னான். ஒருவரும் காதில் வாங்கவில்லை. அந்தப் பட்டுச் சேலை அம்மாள் சொன்னதுதான் எல்லோர் காதிலும் ஏறியது. "தள்ளி நின்னதுக்கே இப்டின்னா, அவ உள்ள உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்!"

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அவர் ஓட்டவில்லை; ஓட்டவிடவில்லை. அவர் பேசவில்லை, பேசவிடவில்லை. ஓட்டியவன் தன் தவறு என்று தானே சொல்கிறான். அப்படியும் குற்றவாளி அவர்தான். அவர் ஓட்டி வண்டி மோதியிருந்தாலும் அவர் ராசி. அவர் ஓட்டாமல் மோதினாலும் அவர் ராசி. எது நடந்தாலும் அசையாத ஒரு முடிவை வைத்துக்கொண்டு அதற்கு நம்பிக்கை என்று பெயர் சூட்டுகிறோம். நேர்மையாகச் சொன்னால் அது திருட்டு. ஒரு பெண்ணின் வேலையை, மரியாதையை, சொந்தக் காரின் ஓட்டுநர் இருக்கையைத் திருடுவதற்கு நாம் கண்டுபிடித்த, தண்டனையே இல்லாத வழி.

செய்தி கோடம்பாக்கத்திலிருந்து தி. நகர் வரை ஓடியது. திருமண ஏற்பாட்டாளர்கள், "அந்தக் கறுப்பு வண்டியா? வேற எதாவது காமிங்க," என்றார்கள். பிளிமத் கொட்டகையில் நின்றது. பழைய வண்டி நின்றால் கெடும். டயர் தட்டையாகும், பேட்டரி செத்துவிடும், பெட்ரோல் டேங்க்கில் துரு பிடிக்கும். வேலை திரும்ப வராவிட்டால் வண்டியை விற்பது தவிர வழியில்லை என்று ஜோதிலட்சுமிக்குத் தெரிந்தது. காதும் கழுத்தும் கொடுத்து வாங்கிய வண்டி அது. அதில் மட்டும்தான் அவர் யாருக்குப் பின்னாலும் நிற்காமல் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் ஆழ்வார்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரி வந்தார். பழைய கார்கள் சேர்ப்பவர். ஒரு கொட்டகை முழுக்க வைத்திருக்கிறார்; ஊரின் பழைய கார் சங்கம் ஒன்றில் முக்கியமானவர். அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அது பொய்யாகிவிடும். பிளிமத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறியவர் அவர் ஒருவர்தான்.

கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். கண்ணை மூடிக் கேட்டார்.

"இந்தச் சத்தம் இருக்கே, இதுக்காகத்தான் ஜோதிம்மா நாங்க பைத்தியமா அலையறது. இப்ப வர வண்டியெல்லாம் தகர டப்பா மாதிரி சாத்திக்கும். அது ஒண்ணுத்துக்கும் முகமே கிடையாது. இதுக்கு முகம் இருக்கு பாருங்கோ. எங்க தாத்தா இதே மாதிரி ஒரு பிளிமத்லதான் ஆபீஸ் போவார்."

"எங்க தாத்தா அந்த மாரி வண்டிய தொடச்சிகினு இருந்தாரு சார்," என்றார் ஜோதிலட்சுமி.

ஈவ்லின் டீச்சர் காபி தம்ளருக்குள் சிரித்தார்.

ஸ்ரீஹரி சுதாரித்துக்கொண்டு, வண்டியைத் தனக்கே கொடுத்துவிடச் சொன்னார். "ஊர்ல என்ன பேசிக்கறான்னு தெரியும். எனக்கு அதுல துளி நம்பிக்கை கிடையாது. சொல்லப்போனா அந்தக் கதைதான் இதுக்கு அழகே. பூசைல தானா பின்னால போன பிளிமத்! எங்க சங்கத்துல சொன்னா வாயப் பொளப்பா."

"அப்போ எங்கிட்ட கீற வரிக்கும் அது பீடை. உங்க கொட்டாய்க்கு வந்தா கதை. அப்டித்தான சார்?"

எனக்கு அதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியாது. சேகரிப்பவர்கள் பழைய காரில் எதைத் தேடுகிறார்கள்? கீறல், வடு, கைமாறிய வரலாறு. யார் ஓட்டினார், எங்கே மோதியது, எப்படிப் பிழைத்தது என்பதெல்லாம் அவர்களுக்கு மதிப்பு. தகரத்தின் தழும்புக்கு அவ்வளவு மரியாதை. கணவனைப் பறிகொடுத்தும் நிமிர்ந்து நிற்கிற பெண்ணின் தழும்பு மட்டும் அபசகுனம்.

"விக்கலேன்னா பரவால்ல," என்றார் ஸ்ரீஹரி. "அடுத்த மாசம் அடையாறுலேர்ந்து ஊர்வலம் விடறோம். அதுல வாங்கோ. கல்யாணத்துக்கு, ஷூட்டிங்குக்கு வண்டி எடுக்கறவா எல்லாரும் அங்கதான் வந்து பாப்பா. உங்க கையில சமத்தா ஓடறத நாலு பேர் கண்ணால பாத்துட்டா பேச்சு தானா அடங்கிடும்."

அது நியாயமாகப் பட்டது. ஜோதிலட்சுமி இரண்டு வீட்டில் கூடுதலாகச் சமைத்துப் புது பேட்டரி வாங்கினார். பின் விளக்கை மாற்றினார். வண்டி ஓடி, ஊர் பார்த்தால் வேலை வரும். இல்லையென்றால் விற்பனை. டீச்சரிடம் அவர் சொன்னது அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அடையாற்றில் ஒரு பள்ளி மைதானம் முழுக்கப் பழைய கார்கள். மழைக்காலத் தவளைகள்போல ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு குரல். நடுவர்கள் குனிந்து, படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பிளிமத்தின் இருக்கை உறை பழசு இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார்கள். மூக்கில் இருந்த கப்பலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஒரிஜினல்! எங்கம்மா கிடைச்சது?"

"அரிசி டிரம்முல," என்றார் ஜோதிலட்சுமி. நடுவர் சிரித்துக்கொண்டே கப்பலைத் தடவினார். பாய்மரத்தின் மடிப்பிலிருந்து ஓர் அரிசி அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

வண்டியின் முன்னால் பங்கேற்பு எண் எழுதிய அட்டையைக் கட்டினார்கள். டீச்சர் திருவிழாவுக்குக் கட்டும் நீலப் பட்டில், ஜோதிலட்சுமிக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஒலிபெருக்கியில் மந்திரம். விஞ்ஞானத்தின் விளைவான எந்திரங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே வந்தார்கள். ஆரத்தி எடுக்கப் பெரிய வீட்டு அம்மாள் ஒருத்தி தயாராக நின்றாள்.

ஸ்ரீஹரி வந்தார். கூடவே சங்கத்தார் இரண்டு பேர்.

"ஜோதிம்மா, ஒரு சின்ன விஷயம். கொடி அசைக்கறச்சே மட்டும் எங்க மெக்கானிக் ஓட்டட்டுமே. மூலை திரும்பினதும் நீங்க ஏறிக்கோங்கோ."

"இன்னாத்துக்கு?"

"அதான்... மொதல்ல கிளம்பறது மங்களகரமா இருக்கணும்னு..."

"உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னு சொன்னீங்களே சார்?"

"எனக்கில்லை. மத்தவாளுக்கு."

எனக்கில்லை, மற்றவர்களுக்கு. கணேசமூர்த்தியும் இதையேதான் சொன்னார். நீங்களும் எப்போதாவது சொல்லியிருப்பீர்கள். ஒவ்வொருவராகக் கேட்டுப் பாருங்கள். யாருக்குமே நம்பிக்கை இருக்காது. எல்லோரும் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள். அந்த இன்னொருவரைத் தேடிக்கொண்டு போனால் கடைசியில் நம் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு நிற்போம்.

"ஜோதி, வா, வீட்டுக்குப் போயிடலாம்," என்றார் டீச்சர் மெதுவாக. "இவங்க முன்னாடி நீ ஓட்டித்தான் காட்டணும்னு இல்ல."

"ஒக்காருங்க டீச்சரம்மா. தோ வரேன்."

ஜோதிலட்சுமி இறங்கினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினார். முன் சக்கரத்தடியிலிருந்து ஒரு பழத்தை உருவினார். சுற்றி வந்து இன்னொன்று. பின்பக்கம் போய் மிச்ச இரண்டு. முந்தானையில் துடைத்தார். ஒலிபெருக்கி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு பழத்தையும் எடுத்துக்கொண்டு மைதானத்து வாசலில் சர்பத் கடை போட்டிருந்த ஹாஜிரா பீயிடம் போனார்.

"பீபீ, இத்த புழிஞ்சி ரெண்டு கிளாஸ் போடு. எனுக்கு உப்பு. டீச்சருக்கு சக்கரை."

ஹாஜிரா பீ பழத்தையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பூசை பழமாச்சேம்மா. எதுனா ஆயிடப் போவுது."

"பழம்தான? புளிக்கும். அது ஒண்ணுதான் ஆவும். புழி."

ஹாஜிரா பீ பிழிந்தார்.

ஜோதிலட்சுமி ஒரு தம்ளரை நின்றபடியே குடித்து முடித்தார். இன்னொன்றை வண்டிக்குக் கொண்டுபோய் டீச்சர் கையில் கொடுத்தார். ஸ்ரீஹரியிடம் திரும்பி, "உங்களுக்கும் ஒரு கிளாஸ் சொல்லட்டுமா சார்? வெயில் ஏறிகினு கீது," என்றார்.

சங்கத்தாரில் ஒருவர் வண்டியின் முன்னால் கட்டியிருந்த எண் அட்டையை அவிழ்த்தார். "சாரிம்மா. நீங்க ஊர்வலத்துல இல்ல."

"ரோட்டுல கீறேன் இல்ல? அது போதும்."

ஜோதிலட்சுமி ஏறி உட்கார்ந்து, கம்பியைத் தன் பக்கம் இழுத்துக் கீழே அழுத்தினார். பிளிமத் உறுமிக்கொண்டு முன்னால் போனது. கொடி பிடித்திருந்தவர், ஏதோ பழக்கத்தில் கொடியை அசைத்தேவிட்டார். பின்னாலேயே மற்ற கார்களும் கிளம்பின, சில அவரை முந்திக்கொண்டு போயின.

அடையாறு பாலத்தைக் கடந்து மந்தைவெளி. அங்கே போக்குவரத்துக் காவலர் பேருந்துகளை நிறுத்தி அவருக்கு வழிவிட்டு வணக்கமும் வைத்தார். எண் அட்டை இல்லாததை அவர் கவனிக்கவில்லை, கப்பலைத்தான் கவனித்தார். டீச்சர் பதிலுக்குக் கையசைத்தார். பேருந்து ஜன்னல்களிலிருந்து ஆட்கள் தலையை நீட்டி, "யக்கா, சோக்கா கீதுக்கா!" என்று கத்தினார்கள்.

லஸ் முனையில் ஓர் அழகான சிவப்புக் கார் நடுச்சாலையில் நின்று புகைந்துகொண்டிருந்தது. ஸ்ரீஹரியின் கார். வெயிலில் இன்ஜின் கொதித்துவிட்டது. பின்னால் ஹாரன் சத்தம். ஜோதிலட்சுமி பிளிமத்தை ஓரங்கட்டி, தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினார். தெருவில் நின்றவர்களைக் கூப்பிட்டு வண்டியை ஓரமாகத் தள்ள வைத்தார்.

"மூடிய இப்போ தெறக்காதீங்க, மூஞ்சில அடிக்கும். ஆறட்டும். அப்பால ஊத்துங்க," என்று கேனைக் கையில் கொடுத்தார். திரும்பும்போது கேட்டார். "இன்னா சார், பழம் சரியா நசுங்கலியா?"

"கேலி பண்ணுங்கோ," என்றார் ஸ்ரீஹரி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "இன்னிக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

"இன்னிக்கு மட்டுமா சார்?"

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சம்பழம் அவமதிக்கப்பட்டதால் அந்தச் சிவப்புக் கார் நிற்கவில்லை. நசுக்கிய பழம் கைவிட்டதாலும் நிற்கவில்லை. சென்னை வெயிலில் பழைய இன்ஜின் கொதிக்கும், அவ்வளவுதான். நின்றது பிளிமத்தாக இருந்திருந்தால் அன்று மாலைக்குள் ஊர் முழுக்க என்ன பேசியிருப்பார்கள் என்று யோசியுங்கள். நின்றது ஸ்ரீஹரியின் கார் என்பதால் "ரேடியேட்டர் கோளாறு" என்றார்கள். ஒருவருக்குக் கோளாறு, இன்னொருவருக்கு ராசி. இங்கே எந்திரத்தின் விதிகள்கூட ஆளைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும்போலிருக்கிறது.

ஊர்வலம் முடியும் ஆழ்வார்பேட்டை வளாகத்தில் அவரை உள்ளே விடவில்லை. கோப்பை இல்லை, சான்றிதழ் இல்லை. டீச்சரைச் சாந்தோமில் இறக்கிவிட்டு, கப்பலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பேருந்து ஏறிப் பெரும்பாக்கம் போனார். ஊர் பார்த்துவிட்டது, ஆனால் எண் இல்லாத வண்டியாகப் பார்த்தது. அந்த வாரம் வேலை கேட்டு யாரும் வரவில்லை. வண்டியை விற்றுவிடலாமா என்று டீச்சரிடம் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டார்.

பிறகு சரண்யா வந்தாள். தி. நகரில் வேலை பார்க்கும் பெண். ஊர்வலம் பார்க்கப் போயிருந்தவள், சர்பத் கடைப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். கூடவே அவள் அம்மா. நெற்றியில் எதுவும் இல்லாத, நாற்காலி நுனியிலேயே உட்கார்கிற அம்மா.

"என் கல்யாணத்துக்கு இந்த வண்டி வேணும்க்கா. நீங்கதான் ஓட்டணும். எங்கம்மா முன்சீட்ல உக்காந்து வரணும்."

"ஐயோ, சும்மா இரு சரண்யா," என்றார் அம்மா. "மொத நாளே நான் முன்னால உக்காந்தா சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்மா," என்றார் ஜோதிலட்சுமி. "இந்த இன்ஜின் சத்தத்துல ஒண்ணியும் கேக்காது."

தி. நகர் வீட்டிலிருந்து மயிலாப்பூர் மண்டபத்துக்குப் பிளிமத் போயிற்று. முன்னால் ஜோதிலட்சுமியும் பெண்ணின் அம்மாவும், பின்னால் மணப்பெண்ணும், "நானில்லாமலா?" என்று ஏறிக்கொண்ட ஈவ்லின் டீச்சரும். கிளம்பும்போது பெண்ணின் மாமா கையில் நான்கு எலுமிச்சம்பழத்தோடு ஓடி வந்தார். வண்டிக்குள் இருந்த நான்கு முகங்களையும் பார்த்தார். பழத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி, பாத்துப் போங்க," என்றார்.

அந்த மணமக்கள் நன்றாக இருக்கிறார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். நன்றாக இருந்தால் அது வண்டியின் நல்ல ராசி இல்லை; சண்டை போட்டால் கெட்ட ராசியும் இல்லை. அவர்களுடைய மகிழ்ச்சியைச் சாட்சிக்கு இழுத்தால், அந்தப் பட்டுச் சேலை அம்மாளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அந்தத் திருமணத்தைப் பார்த்தவர்களில் சிலர் வண்டி கேட்டார்கள். பழைய அளவுக்கு வேலை இல்லை; விற்க வேண்டாம் என்கிற அளவுக்கு வருகிறது. சென்ற மாதம் கணேசமூர்த்திகூடக் கூப்பிட்டார். பிளிமத் இல்லாமல் நகராத கதையாம். எல்லாம் பேசி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொத ஷாட்டு மட்டும்க்கா..."

"நைனா, கப்பல்லருந்து சக்கரம் வரிக்கும் எல்லாத்தையும் வாடகைக்குத் தரேன். என் சீட்டு வாடகைக்கு இல்ல. யோசிச்சி சொல்லு," என்று போனை வைத்துவிட்டார். கணேசமூர்த்தி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஜோதிலட்சுமி காத்திருக்கவில்லை.

அவர் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. அதனால் உங்களிடம் நான் கேட்கிறேன். அடுத்த முறை உங்கள் வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கும்போது, ஸ்கூட்டரோ காரோ, எதுவாக இருந்தாலும், ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறவரின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடுங்கள். மற்றவர்களைக் கைகாட்டாதீர்கள்; அன்று ஒருநாள் அந்த மற்றவர் நீங்களாக இருக்காதீர்கள். சாவியை அவர் கையில் கொடுங்கள். ஓட்டத் தெரியாதென்றால் முன்சீட்டில் உட்கார வையுங்கள். வாங்கி வைத்த எலுமிச்சம்பழத்தை மண்ணில் நசுக்காமல் பிழிந்து, முதல் தம்ளரை அவருக்குக் கொடுங்கள்.